நிறுவல் ஸ்கிரிப்டைச் சோதிப்பது எப்படி: லினக்ஸில் முதல் வரியிலிருந்து டெர்மினல் திரை வரை

நிறுவல் ஸ்கிரிப்ட் என்பது ஒரு மென்பொருளைக் கணினியில் பொருத்தும் கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த கோப்பு. 2011-இல் பம்பிள்பீ என்ற லினக்ஸ் திட்டத்தின் நிறுவல் ஸ்கிரிப்டில் ஒரு வரி இருந்தது. /யூஎஸ்ஆர்/லிப் அடைவுக்குள் கிடந்த என்விடியாவின் பழைய பொருள் ஒன்றை, எதுவும் கேட்காமல் அழிக்கும் 'ஆர்எம் -ஆர்எஃப்' கட்டளை கொண்டு நீக்குவதுதான் அதன் வேலை. அந்த வரியில் '/யூஎஸ்ஆர்' என்பதற்கு அடுத்து ஒரு ஸ்பேஸ் கூடுதலாக விழுந்துவிட்டது. ஒரே பாதையாக இருக்க வேண்டியது இரண்டு பாதைகளாகப் பிரிந்தது. ஓட்டியவர்களின் கணினியில், நிரல்கள் பெரும்பாலும் இருக்கும் /யூஎஸ்ஆர் அடைவு முழுசாகப் போனது.

2015 ஜனவரியில் ஸ்டீம் விளையாட்டு மென்பொருளின் லினக்ஸ் ஸ்கிரிப்டில் வேறொரு கதை. ஸ்டீம் இருக்கும் அடைவின் பெயரை ஒரு மாறியில் (வேரியபிள்) வைத்துக்கொண்டு, அதற்குள் இருப்பதையெல்லாம் அழிக்கும் வரி ஒன்று அதில் இருந்தது. ஒருவர் அந்த அடைவை வேறு இடத்துக்கு நகர்த்தி வைத்திருந்தார். ஸ்கிரிப்டால் அதற்குள் போக முடியவில்லை, மாறி காலியாக நின்றது. காலி மாறிக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் நட்சத்திரக் குறியும் மட்டும் மிச்சம், அதாவது கணினியில் இருக்கும் எல்லா அடைவுகளும். அவருடைய சொந்தக் கோப்புகள் அத்தனையும் அழிந்தன, செருகியிருந்த வெளி டிஸ்கில் இருந்தவை உட்பட. அழிக்கும் வரிக்கு மேலே 'பயமாக இருக்கிறது' என்ற பொருளில் ஒரு சொல்லைக் குறிப்பாக எழுதியும் வைத்திருந்தார்கள்.

இரண்டையும் எழுதியவர்கள் இப்படி நடக்கும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். நிறுவல் ஸ்கிரிப்டின் சங்கடமே இங்கேதான் இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவரின் கணினியில், பெரும்பாலும் ரூட் என்ற முழு நிர்வாகி உரிமையோடு, ஒரே ஒருமுறை ஓடப்போகிற நிரல் இது. அதனால் 'நிறுவியாயிற்றா' என்பது பாதிக் கேள்விதான். நடுவில் எங்காவது தோற்றால் அந்தக் கணினி என்ன நிலையில் நிற்கும் என்பதுதான் மீதிப் பாதி, கனமான பாதியும் அதுவே. இந்த வழிகாட்டி அதிகமும் அதைப் பற்றியதுதான்.

கட்டளைகளை வாயால் சொல்வதுபோலவே தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

எந்த ஷெல் ஓட்டப்போகிறது?

கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரல்தான் ஷெல். ஸ்கிரிப்டின் முதல் வரியைப் பாருங்கள். /பின்/எஸ்ஹெச் என்றிருந்தால், அது ஃபெடோரா, உபுண்டு போன்ற ஒவ்வொரு லினக்ஸ் விநியோகத்திலும் வேறு வேறு ஆள். ஃபெடோராவிலும் ஆர்ச்சிலும் அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது பாஷ். உபுண்டு 2006-இல் வந்த 6.10 பதிப்பிலிருந்தும், டெபியன் 2011-இல் வந்த ஸ்க்வீஸ் பதிப்பிலிருந்தும் 'டேஷ்' என்ற சிறிய ஷெல்லை அந்த இடத்தில் வைத்திருக்கின்றன. ஆல்பைனில் பிசிபாக்ஸ் தரும் 'ஆஷ்'.

என் ஸ்கிரிப்ட் ஒன்று ஃபெடோராவில் ஒரு வருடம் ஒழுங்காக ஓடியது. டெபியனில் ஓட்டிய நண்பர், "முடிந்தது என்கிறது, ஆனால் என் பழைய அமைப்புக் கோப்பு போய்விட்டது" என்று எழுதினார். நான் 'அமைப்புக் கோப்பு இருக்கிறதா' என்று இரட்டைச் சதுர அடைப்புக்குறி போட்டுச் சோதித்திருந்தேன். இருந்தால் விட்டுவிடு, இல்லையென்றால் புதிதாக எழுது. டேஷுக்கு இரட்டை அடைப்புக்குறி தெரியாது. அதை ஒரு கட்டளையின் பெயராக நினைத்துத் தேடி, 'காணவில்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டு, 127 என்ற எக்ஸிட் கோடை (கட்டளை முடியும்போது தரும் எண், பூஜ்யம் என்றால் வெற்றி) திருப்பியது. 'இஃப்' நிபந்தனைக்குள் பூஜ்யம் அல்லாத எந்த எண்ணும் 'இல்லை' என்றே பொருள்படும். ஆக ஸ்கிரிப்ட் 'கோப்பு இல்லை' என்ற கிளைக்குப் போய், இருந்த கோப்பின் மேலேயே எழுதிவிட்டு, கடைசி வரைக்கும் ஓடி வெற்றி என்று சொல்லி முடிந்தது. நின்றிருந்தால்கூட நல்லதாக இருந்திருக்கும். நிற்காமல் போனதுதான் கேடு.

எனவே முதல் முடிவு: பாஷ் வேண்டும் என்றால் முதல் வரியில் பாஷ் என்றே எழுதுங்கள். எஸ்ஹெச் போதும் என்றால் டேஷிலும் ஆஷிலும் ஓட்டிப் பாருங்கள். டெபியனின் டெவ்ஸ்கிரிப்ட்ஸ் தொகுப்பில் 'செக்பாஷிஸம்ஸ்' என்றொரு கருவி இருக்கிறது. பாஷுக்கு மட்டுமே உரிய வரிகளை அது எடுத்துக் காட்டும்.

ஓட்டாமலேயே பிடிபடுபவை

'பாஷ் -என்' கொடுத்தால் ஸ்கிரிப்டை ஓட்டாமல் இலக்கணம் மட்டும் பார்க்கும். அதற்கு அடுத்து, ஸ்கிரிப்டில் தவறு தேடும் ஷெல்செக் என்ற கருவி. நிறுவல் ஸ்கிரிப்ட் எழுதும் யாரும் இதில்லாமல் இருக்கக் கூடாது என்று உறுதியாகச் சொல்வேன். மேற்கோள் குறி இல்லாத மாறி, காலியானால் மூல அடைவையே அழிக்கக்கூடிய 'ஆர்எம்' வரி, 'லோக்கல்' அறிவிப்போடு ஒட்டி எழுதியதால் தோல்வி மறைந்துபோகும் வரி என எல்லாவற்றையும் எண் போட்டுச் சொல்லும். ஸ்டீமில் நடந்த மாதிரியான தவறுக்கு அது சொல்லும் மருந்து, மாறியின் பெயருக்குப் பின்னால் முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் சேர்ப்பது. மாறி காலியாக இருந்தால் ஸ்கிரிப்ட் அந்த வரியிலேயே நின்றுவிடும். 'ஆர்எம்' தானாகவே மூல அடைவைக் காக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். அந்தப் பாதுகாப்பு வெறும் சாய்கோட்டுக்குத்தான். சாய்கோட்டோடு நட்சத்திரம் சேர்ந்தால் ஷெல் அதை முன்பே விரித்து, அடைவுகளைத் தனித்தனியாகக் கொடுத்துவிடும்.

ஸ்கிரிப்டின் தொடக்கத்தில், ஒரு கட்டளை தோற்றதும் நிறுத்தச் சொல்லும் 'செட் -ஈ' போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது 'இஃப்' நிபந்தனைக்குள் வேலை செய்யாது. 'அண்ட் அண்ட்', 'ஆர் ஆர்' வரிகளில் கடைசிக் கட்டளையைத் தவிர மற்றவற்றின் தோல்வியைக் கண்டுகொள்ளாது. ஒரு ஃபங்ஷனை 'இஃப்' நிபந்தனையாக அழைத்தால், அந்த ஃபங்ஷனுக்குள் இருக்கும் எல்லா வரிகளுக்கும் அது செயலிழந்துவிடும். ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குக் கொடுக்கும் பைப் போட்ட வரியில் கடைசிக் கட்டளையின் முடிவைத்தான் பார்க்கும். 'பைப்ஃபெயில்' சேர்த்தால் அந்தக் கடைசிக் குறை தீரும், ஆனால் பழைய டேஷில் அது கிடையாது. போடுங்கள், போட்ட பிறகும் முக்கியமான ஒவ்வொரு வரிக்கும் 'தோற்றால் என்ன' என்பதைக் கையால் எழுதுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். விண்டோஸில் திருத்திச் சேமித்த ஸ்கிரிப்டில் வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொண்டிருக்கும். 'பாஷ்' என்ற பெயரோடு அந்தக் குறியும் சேர்ந்து, அப்படியொரு ஷெல்லே இல்லை என்ற பிழை வரும். 'கேட் -ஏ' கொடுத்தால் அந்தக் குறி கண்ணில் படும்.

சோதிக்க இடம்கொடுக்கும்படி எழுதுவது

மூன்று பழக்கங்கள் போதும். ஸ்கிரிப்ட் முழுவதையும் ஃபங்ஷன்களாக எழுதி, கடைசி வரியில் மட்டும் 'மெயின்' என்று அழையுங்கள். இணையத்திலிருந்து இறக்கி நேராக ஷெல்லுக்குள் பைப் செய்பவர்களுக்கு, இணைப்பு பாதியில் அறுந்தால் பாதி ஸ்கிரிப்ட் ஓடிவிடும் ஆபத்து இருக்கிறது. கடைசி வரி வந்து சேராதவரை எதுவும் ஓடாது என்றால் அந்த ஆபத்து போய்விடும். சோதித்துப் பார்ப்பதும் சுலபம்: 'ஹெட்' கட்டளையால் முதல் 10 வரி, 50 வரி, 100 வரி என்று வெட்டி ஷெல்லுக்குக் கொடுங்கள். இலக்கணப் பிழை வரலாம், ஒரு கோப்புகூட உருவாகக் கூடாது.

அப்புறம், /யூஎஸ்ஆர்/லோக்கல் என்ற பாதையை ஒரே ஒரு மாறியில் வையுங்கள். சோதனையின்போது அதை ஒரு தற்காலிக அடைவுக்குத் திருப்பிவிட்டால், ரூட் உரிமை இல்லாமலேயே பாதி வேலையைப் பார்த்துவிடலாம். அந்த அடைவின் பெயரில் வேண்டுமென்றே ஒரு ஸ்பேஸ் வையுங்கள். 'என் கோப்புகள்' என்ற மாதிரி ஒரு பெயர். மேற்கோள் குறி விட்டுப்போன வரிகள் எல்லாம் வெளியே வரும்.

மூன்றாவது, தோற்கும்போது எந்தப் படியில் தோற்றது என்பதை நிலைப்பிழை வழியில் (பிழைச் செய்திகளுக்கான தனி வெளியீடு, அதன் எண் 2; சாதாரண வெளியீட்டுக்கு 1) எழுதி, பூஜ்யம் அல்லாத எண்ணோடு வெளியேறுவது. இதைச் செய்யாத ஸ்கிரிப்டைத் தானாகச் சோதிக்கவே முடியாது.

காலி இயந்திரம்

உங்கள் கணினியில் வருடக்கணக்காகச் சேர்ந்த கருவிகள் இருக்கின்றன. புதியவரிடம் அவை இருக்காது. டாக்கர் என்பது, கணினிக்குள் தனியாக ஒதுங்கிய ஒரு சிறு லினக்ஸை (கன்டெய்னர்) தயாராக உள்ள படிமம் ஒன்றிலிருந்து ஓட்டும் கருவி. டெபியன் 12-இன் டாக்கர் படிமத்தைத் திறந்தால் அதில் இணையத்திலிருந்து கோப்பு இறக்கும் கர்ல் இல்லை, ரூட் உரிமையில் கட்டளை ஓட்டும் சுடோ இல்லை. ஸ்கிரிப்ட் எதையெல்லாம் சொல்லாமலே எதிர்பார்க்கிறது என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

கன்டெய்னரில் ஓட்டுவதில் எனக்கு மிகவும் பிடித்தது 'டாக்கர் டிஃப்' கட்டளை. மூலப் படிமத்துக்கும் இப்போதைய நிலைக்கும் இடையில் எந்தக் கோப்பு சேர்ந்தது, எது மாறியது, எது அழிந்தது என்று ஏ, சி, டி என்ற எழுத்துகளோடு பட்டியல் தரும். தேவையான தொகுப்புகளை முன்பே நிறுவிய ஒரு படிமத்தைத் தயார் செய்துகொண்டு, அதன்மேல் உங்கள் ஸ்கிரிப்டை மட்டும் ஓட்டுங்கள். பட்டியல் சின்னதாக இருக்கும், ஒவ்வொரு வரியையும் படிக்க முடியும். நான் முதல்முறை இப்படிப் பார்த்தபோது /டெம்ப் அடைவில் இறக்கிய சுருக்கக் கோப்பு அப்படியே கிடந்தது. ரூட்டின் 'பாஷ்ஆர்சி' (பாஷ் தொடங்கும்போது படிக்கும் அமைப்புக் கோப்பு) மாறியிருந்தது. நான் மாற்ற நினைத்ததோ பயனரின் 'பாஷ்ஆர்சி'. சுடோவோடு ஓட்டும்போது 'ஹோம்' மாறி யாருடையது என்பதை நான் யோசிக்கவே இல்லை. இந்தப் பட்டியல் இல்லாமல் அதை நான் கண்டிருக்க மாட்டேன்.

குறைந்தது நான்கு படிமங்களில் ஓட்டுங்கள்: டெபியன், உபுண்டு, ஃபெடோரா, ஆல்பைன். ஆல்பைனில் ஒரு விசித்திரம் உண்டு. அதன் அடிப்படை நூலகம் மசல், மற்றவற்றில் ஜிலிப்சி. ஜிலிப்சிக்காகக் கட்டிய நிரலை அங்கே ஓட்டினால், கோப்பு கண்ணெதிரே இருக்கும்போதே 'காணவில்லை' என்று வரும். காணாமல் போனது நிரல் அல்ல, அதை ஏற்றித் தரும் லோடர். உங்கள் நிரல் மசலில் ஓடாது என்றால், ஸ்கிரிப்ட் தொடக்கத்திலேயே அதைச் சொல்லி நின்றுவிட வேண்டும்.

விநியோகத்தைக் கண்டுபிடிக்க /ஈடிசி/ஓஎஸ்-ரிலீஸ் கோப்பைப் படிப்பீர்கள். லினக்ஸ் மின்ட்டில் இங்கே ஒரு பொறி இருக்கிறது. மின்ட் 22-இன் பதிப்புப் பெயர் 'வில்மா', அது உட்கார்ந்திருக்கும் உபுண்டுவின் பெயர் 'நோபிள்'. பதிப்புப் பெயரை எடுத்து உபுண்டு களஞ்சியத்தின் முகவரியில் பொருத்தினால் 'வில்மா' என்ற அடைவு அங்கே இருக்காது. உபுண்டுவின் பெயரைத் தனி மாறியாக மின்ட் தருகிறது, அதைப் பாருங்கள். ராஸ்பெர்ரி பையிலும் இப்படித்தான்: 2023 முதல் 32-பிட் அமைப்பிலும் 64-பிட் கெர்னல் ஓடுவது உண்டு. 'யூநேம் -எம்' ஏஆர்ச்64 என்று சொல்லும். அதை நம்பி 64-பிட் நிரலை இறக்கினால் ஓடாது. டெபியன் வழி வந்தவற்றில், தொகுப்புகளை நிறுவும் டிபிகேஜி கருவியிடம் கட்டமைப்பைக் கேட்பதே சரி.

கன்டெய்னரில் பார்க்க முடியாதவையும் உண்டு. பின்னணிச் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி டாக்கரில் வழக்கமாக ஓடாது. ஆகவே சேவை ஒன்றை நிறுவித் தொடங்கும் ஸ்கிரிப்டை அங்கே முழுதாகச் சோதிக்க முடியாது. டாக்கர் போன்ற இன்னொரு கருவியான பாட்மேன் சிஸ்டம்டியை உள்ளே ஓட விடும். கெர்னல் மாட்யூல், பூட் அமைப்பு, மறுதொடக்கம் என்றெல்லாம் வந்தால் முழு மெய்நிகர் இயந்திரம்தான் வழி. அப்படிப்பட்ட இயந்திரத்தை ஓட்டும் கியூஈஎம்யூவில் சுத்தமான நிலையை ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் அதற்கே திரும்புங்கள். நிறுவிய பின் ஒருமுறை மறுதொடக்கம் செய்து பார்ப்பது கட்டாயம். 'ஸ்டார்ட்' கொடுத்துவிட்டு, ஒவ்வொரு தொடக்கத்திலும் தானாக ஓடச் செய்யும் 'எனேபிள்' மறந்த சேவை அப்போதுதான் தெரியும்.

மூன்று ஓட்டம்

ஒரு ஓட்டம் போதாது. முதல் ஓட்டம் நிறுவல். இரண்டாவது, அதே ஸ்கிரிப்டை அதே இடத்தில் மறுபடியும் ஓட்டுவது. நிரல்களைத் தேடும் அடைவுகளைச் சொல்லும் 'பாத்' வரி 'பாஷ்ஆர்சி'யில் இரண்டு தடவை சேர்ந்திருக்கிறதா, பயனர் திருத்திய அமைப்புக் கோப்பு அழிந்ததா, ஓடிக்கொண்டிருந்த சேவை விழுந்ததா என்று பாருங்கள். முதல் ஓட்டத்துக்குப் பிறகும் இரண்டாவதுக்குப் பிறகும் கோப்புப் பட்டியலையும் செக்சம்களையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்கள்) எடுத்து ஒப்பிட்டால் வித்தியாசம் எதுவும் இருக்கக் கூடாது. மூன்றாவது, நீக்கல். நீக்கிய பின் 'டாக்கர் டிஃப்' பட்டியலில் மிஞ்சுவது எதுவோ, அது நீங்கள் அவர் வீட்டில் விட்டுவந்த குப்பை. பயனர் உருவாக்கிய தரவு மட்டும் விதிவிலக்கு. அதைக் கேட்காமல் தொடக் கூடாது.

நேரம் இருந்தால், புதுக் கோப்புகளின் உரிமையைக் குறைக்கும் 'யூமாஸ்க்' 077 வைத்து இன்னொரு ஓட்டம். ரூட் நிறுவிய நிரலை மற்றவர்களால் திறக்கவே முடியாத நிலை வரும். 'இன்ஸ்டால்' கட்டளையில் உரிமை எண்ணை வெளிப்படையாகக் கொடுத்திருந்தால் தப்பிக்கலாம்.

வேண்டுமென்றே உடைப்பது

இங்கேதான் நிறைய நேரம் செலவிட வேண்டும்.

இணையத்தை அறுங்கள். டாக்கருக்கு நெட்வொர்க் வேண்டாம் என்று சொல்லி ஓட்டினால் ஸ்கிரிப்ட் சில நொடிகளில் தெளிவான செய்தியோடு நிற்க வேண்டும். அப்புறம், இணையம் இருந்தும் கோப்பு இல்லாத நிலை. கர்லுக்கு 'மைனஸ் எஃப்' கொடுக்காவிட்டால், 404 என்று பதில் வந்தாலும் அந்தப் பிழைப் பக்கத்தையே கோப்பாகச் சேமித்து வெற்றி என்று திரும்பும். அதை நிரல் என்று நினைத்து /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்னில் வைத்து ஓட்டும் உரிமையும் கொடுத்துவிடுவீர்கள். இறக்கியதும் செக்சம் சரிபார்ப்பது இதற்கும் சேர்த்துத்தான்.

இடத்தைக் குறையுங்கள். இலக்கு அடைவில் 5 எம்பி அளவுக்கு ஒரு டிஎம்பிஎஃப்எஸ் (நினைவகத்தில் உருவாகும் கோப்பு அமைப்பு) ஏற்றிவிட்டு ஓட்டுங்கள். பாதி எழுதிய நிரல் பழைய நிரலின் இடத்தில் உட்கார்ந்திருந்தால், பயனரிடம் இருந்ததும் போனது, புதியதும் இல்லை. இலக்கு அடைவுக்கு உள்ளேயே வேறு பெயரில் எழுதி, முழுதாக எழுதிய பின் பெயரை மாற்றினால் இந்த நிலை வராது. ஒரே கோப்பு அமைப்புக்குள் பெயர் மாற்றம் ஒரே அடியில் நடக்கும்.

போலிக் கட்டளைகளை வையுங்கள். ஒரு அடைவில் 'கர்ல்' என்ற பெயரில் இரண்டு வரி ஸ்கிரிப்ட் எழுதி, உடனே தோற்கும்படி செய்து, அந்த அடைவை 'பாத்'தின் முன்னால் வையுங்கள். 'டார்', 'சிஸ்டம்சிடிஎல்' என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போகலாம். ஏதாவது ஒரு கட்டளை தோற்றும் ஸ்கிரிப்ட் பூஜ்யத்தோடு முடிகிறது என்றால் ஒரு பழுதைப் பிடித்துவிட்டீர்கள்.

கடைசியாக, நடுவில் நிறுத்துங்கள். கன்ட்ரோல்-சி அழுத்தினால் எக்ஸிட் கோட் 130, 'டெர்ம்' சிக்னலுக்கு 143 என்பது வழக்கம், 128-உடன் சிக்னல் எண்ணைக் கூட்டிய கணக்கு. தற்காலிகக் கோப்புகளை அழிக்க 'டிராப்' (ஸ்கிரிப்ட் நிற்கும்போது ஓட வேண்டிய கட்டளை) வைத்திருப்பீர்கள். பாஷில் 'எக்ஸிட்'டுக்கு வைத்த டிராப் கன்ட்ரோல்-சிக்கும் ஓடும். டேஷில் ஓடாது. 'இன்ட்', 'டெர்ம்' இரண்டுக்கும் தனியாக வைக்க வேண்டும். நிரலை அந்தக் கணமே கொல்லும் 'கில் -9'க்கு எந்த டிராப்பும் உதவாது. அடுத்த ஓட்டம் அந்தப் பாதி நிலையிலிருந்து மீள்கிறதா என்பதே அதற்கான சோதனை.

விசைப்பலகை முன் யாரும் இல்லாதபோது

ஸ்கிரிப்டைப் பைப் வழியாக ஓட்டும்போது அதன் நிலை உள்ளீடு (வழக்கமாக விசைப்பலகையிலிருந்து வருவது) ஸ்கிரிப்டேதான். 'ரீட்' கொடுத்து 'ஆமா இல்லையா' என்று கேட்டால், பதிலாக ஸ்கிரிப்டின் அடுத்த வரியையே அது படித்துவிடும். கேள்வி கேட்பதானால் டெர்மினலை நேராகக் குறிக்கும் /டெவ்/டிடிஒய் வழியாகக் கேளுங்கள். அது திறக்கவில்லை என்றால் கேட்காமல் பாதுகாப்பான முடிவை எடுங்கள், அல்லது எந்தத் தெரிவைக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி நில்லுங்கள். நீங்கள் அழைக்கும் மற்ற நிரல்களும் உள்ளீட்டைத் தின்றுவிடலாம், அவற்றுக்குக் காலி உள்ளீடான /டெவ்/நல் கொடுப்பது நல்லது.

டெபியனிலும் உபுண்டுவிலும் தொகுப்புகளை நிறுவும் ஆப்ட்-கெட்டுக்கு, எல்லாவற்றுக்கும் 'ஆமா' என்னும் 'மைனஸ் ஒய்' கொடுத்தாலும் 'டிஇசட்டேட்டா' தொகுப்பு நேர மண்டலம் கேட்டு நிற்கும். 'டெபியன் ஃப்ரன்ட்எண்ட்' மாறியை 'நான்இன்டராக்டிவ்' ஆக்க வேண்டும். சுடோவுக்கு முன்னால் வைத்தால் சுடோ அதை உதிர்த்துவிடும், சுடோவுக்குப் பின்னால் வையுங்கள். புதிதாகத் தொடங்கிய உபுண்டு சர்வரில் தானியங்கிப் புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருந்தால் டிபிகேஜியின் பூட்டு கிடைக்காது. சில நிமிடம் காத்திருக்கும்படி ஆப்ட்டுக்குச் சொல்லும் தெரிவு இருக்கிறது, அதைக் கொடுங்கள்.

இதையெல்லாம் சோதிக்க, முழு ஓட்டத்தையும் 'டைம்அவுட்' கட்டளைக்குள் வையுங்கள். 124 என்று திரும்பினால் ஏதோ ஒன்று யாருடைய பதிலுக்கோ காத்துக்கொண்டிருந்தது என்று பொருள். சூழல் மாறிகள் எதுவும் இல்லாமல், 'என்வி -ஐ' கொண்டு குறுகிய 'பாத்' மட்டும் கொடுத்து ஒருமுறை ஓட்டினால் குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானில் ஓடுவது போன்ற நிலையும் கிடைத்துவிடும்.

இவ்வளவையும் கையால் திரும்பத் திரும்பச் செய்ய முடியாது. பேட்ஸ் என்ற கருவியில் ஒவ்வொன்றையும் ஒரு சோதனையாக எழுதலாம். 'ரன்' என்று கட்டளையை ஓட்டி, எக்ஸிட் கோடையும் வெளியீட்டையும் ஒப்பிடுகிற சின்ன வரிகள்தான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நான்கு படிமங்களிலும் தானாக ஓடும்படி வைத்துவிடுங்கள். பழுது ஒன்று வந்தால், அதைத் திருத்துவதற்கு முன்பே அதற்கான சோதனையை எழுதுங்கள்.

டெர்மினல்

திரையில் அழகாகத் தெரிந்த நிறங்கள், பதிவுக் கோப்பில் '^[[31எம்' என்பது போன்ற குப்பையாக விழுவதைப் பார்த்திருப்பீர்கள். நிறம் என்பது எழுத்துகளுக்கு நடுவே போகும் கட்டளை வரிசை, டெர்மினல் மட்டுமே அதைப் புரிந்துகொள்ளும். வெளியீடு டெர்மினலுக்குத்தான் போகிறதா என்று 'டெஸ்ட் -டி 1' கொண்டு பாருங்கள். பிழைச் செய்திக்கு 2. இரண்டும் வேறு வேறு இடத்துக்குப் போகலாம். 'நோ கலர்' மாறி வைத்திருப்பவருக்கும், 'டெர்ம்' மாறி 'டம்ப்' என்றிருப்பவருக்கும் நிறம் வேண்டாம். சோதனை எளிது: வெளியீட்டை 'கேட் -வி'க்குப் பைப் செய்து, அந்தத் தொப்பிக்குறி வரிசை ஒன்றுகூட இல்லை என்று உறுதி செய்யுங்கள். ஒரே வரியைத் திரும்ப எழுதும் முன்னேற்றப் பட்டையும் இதில் மாட்டும், '^எம்' என்று வரிசையாக வரும்.

எதிர்த்திசையும் வேண்டும். தானியங்கிச் சோதனையில் டெர்மினலே இருக்காது, அப்போது நிறமுள்ள பக்கத்தை எப்படிச் சோதிப்பது? 'ஸ்கிரிப்ட்' என்றே பெயருள்ள ஒரு கட்டளை யூட்டில்-லினக்ஸ் தொகுப்பில் இருக்கிறது. அது போலி டெர்மினல் ஒன்றைத் திறந்து அதற்குள் உங்கள் நிரலை ஓட்டி, வந்ததையெல்லாம் கோப்பில் எழுதும். 'மைனஸ் ஈ' சேர்த்தால் உள்ளே ஓடியதன் எக்ஸிட் கோடையும் திருப்பித் தரும்.

கேள்வி-பதில் உள்ள நிறுவலுக்கு, டெர்மினல் அமர்வுகளைப் பின்னணியில் நடத்தும் டிமக்ஸ் போல வசதியானது வேறில்லை. 80 நெடுவரிசை, 24 வரி என்று அளவு கொடுத்து, திரைக்கு வராமல் பின்னணியில் ஒரு அமர்வைத் திறங்கள். 'சென்ட்-கீஸ்' வழியாக விசைகளை அனுப்புங்கள். 'கேப்ச்சர்-பேன் -பி' கொடுத்தால் அந்த நொடியில் திரையில் மனிதக் கண்ணுக்கு என்ன தெரியுமோ அது எழுத்தாக வரும். வெளியீட்டை ஒப்பிடுவதற்கும் திரையை ஒப்பிடுவதற்கும் இருக்கும் வித்தியாசம் பெரியது. வரி மடங்கிப் பழைய எழுத்தின் மேல் விழுந்தது, பட்டை அழியாமல் மிச்சம் நின்றது எல்லாம் திரையில்தான் தெரியும். ஓடும்போதே சாளரத்தை 40 நெடுவரிசைக்குச் சுருக்கியும் பாருங்கள். அகலத்தை அளந்து கணக்குப் போடும் ஸ்கிரிப்ட் என்றால் பூஜ்யத்துக்கும் தயாராக இருக்க வேண்டும், சில போலி டெர்மினல்கள் அகலம் 0 என்றே சொல்லும்.

கடவுச்சொல் கேட்கும் இடம்தான் பயனரை அதிகம் பயமுறுத்துவது. எஸ்ஹெச்சின் 'ரீட்'டில் எழுத்தை மறைக்கும் தெரிவு கிடையாது, 'எஸ்டிடிஒய்' கொண்டு எதிரொலியை அணைப்போம். அந்த நேரத்தில் ஒருவர் கன்ட்ரோல்-சி அழுத்தினால் எதிரொலி அணைந்தபடியே நின்றுவிடக்கூடும். அப்போது அவர் அடிப்பது எதுவும் திரையில் தெரியாது. கணினி உறைந்துவிட்டது என்றே நினைப்பார், சாளரத்தை மூடிவிடுவார். முதலிலேயே 'எஸ்டிடிஒய் -ஜி' கொடுத்து நிலையைச் சேமித்து, டிராப்பில் திருப்பி வையுங்கள். டிமக்ஸில் இதைச் சோதிக்கலாம்: கடவுச்சொல் கேள்வி வந்ததும் கன்ட்ரோல்-சி அனுப்பி, பிறகு 'எக்கோ வணக்கம்' அனுப்பி, திரையைப் பிடியுங்கள். 'வணக்கம்' இரண்டு தடவை தெரிய வேண்டும், அடித்த வரியில் ஒன்று, பதிலில் ஒன்று. ஒன்று மட்டும் தெரிந்தால் எதிரொலி திரும்பவில்லை. கர்சரை மறைத்திருந்தால் அதற்கும் இதே கவனம் வேண்டும்.

திரையில் தமிழ்

செய்திகளைத் தமிழில் காட்டும் ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு இன்னும் ஒரு படி இருக்கிறது. 'தமிழ்' என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிக்கோட்டில் ஐந்து குறிகள், யூடிஎஃப்-8-இல் 15 பைட். நீளம் கேட்டால் பாஷ் யூடிஎஃப்-8 சூழலில் 5 என்றும், பழைய டேஷ் 15 என்றும் சொல்லும். 20 இடத்துக்கு நிரப்பும்படி அந்த டேஷின் 'பிரிண்ட்எஃப்'பிடம் கொடுத்தால் பைட் கணக்கில் ஐந்தே ஸ்பேஸ் சேர்க்கும். ஆங்கில வரிக்கு அருகே வைத்தால் பத்தி கோணலாக நிற்கும். டெர்மினல்களும் ஒன்றுபோல் இல்லை. 'ி' இடம்பிடிக்கும் குறி என்றும் 'ீ' இடம்பிடிக்காத குறி என்றும் யூனிக்கோட் வகைப்படுத்தியிருக்கிறது. அந்த வகைப்பாட்டை ஒவ்வொரு டெர்மினலும் தன் வழியில் அகலமாக மாற்றிக்கொள்கிறது. 'மிளகு' சரியாக நிற்கும் இடத்தில் 'மீன்' ஒரு கட்டம் நகர்ந்து நிற்கலாம்.

மொழிச் சூழலையும் மாற்றிப் பாருங்கள். 'எல்சி ஆல்' மாறியை 'சி' என்று வைத்து ஒருமுறை, 'சி.யூடிஎஃப்-8' வைத்து ஒருமுறை, தமிழ் லோக்கேல் வைத்து ஒருமுறை. வேறொரு கட்டளையின் ஆங்கிலப் பிழைச் செய்தியில் ஒரு சொல்லை 'கிரெப்' கட்டளையால் தேடி முடிவெடுக்கும் வரி இருந்தால், செய்தி வேறு மொழியில் வரும் கணினியில் அது தோற்கும். அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் 'எல்சி ஆல்' மாறியை 'சி' ஆக்குங்கள், பயனருக்குக் காட்டும் செய்தி அவர் மொழியிலேயே இருக்கட்டும்.

பெட்டி வரைவது, பத்தி பிரிப்பது, வலது ஓரத்தில் 'சரி' என்று ஒட்டுவது எல்லாவற்றையும் என் ஸ்கிரிப்டுகளிலிருந்து எடுத்துவிட்டேன். 'சரி', 'தவறு' என்ற சொல் வரியின் தொடக்கத்தில் வருகிறது, அதற்குப் பின்னால் ஒரே ஸ்பேஸ், பிறகு செய்தி. எந்த டெர்மினல் எந்த எழுத்தை எப்படி அளந்தாலும் அந்த வரி கெடுவதில்லை.